மூன்றுபுரிக் கயிறும் கத்தரித்த செய்தியும்

தாமிரபரணிக் கரை ஊர்களில் பனைநார்க் கயிறு திரிப்பதைக் கண்டிருப்பீர்கள். புரிகளை ஒரு பக்கமாக முறுக்கி, பின் அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். கயிறு பிரியாதிருப்பதன் இரகசியம் இதுவே. நம் எலும்பிலும் தோலிலும் உள்ள கொல்லாஜென் என்னும் புரதமும் இத்தகைய மூன்றுபுரிக் கயிறுதான்.

இதைக் கண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கருவி எக்ஸ்-கதிர், ஆண்டு 1954. மறு ஆண்டில் எதிர்முறுக்கும் சேர்ந்து அமைப்பு திருத்தம் பெற்றது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவிடம் மிகக் குறுகியது. அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் மட்டுமே அங்கு அடங்கும். ஆகவே, புரியில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தாக வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பான புரதத்தின் மரபணு எப்படி எழுதப்பட்டிருக்கும்? இடைவெளியின்றி என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் 1977-இல் ஷார்ப், ராபர்ட்ஸ் என்போர் மனிதச் செல்லைத் தாக்கும் வைரஸ் ஒன்றில் துண்டுபட்ட மரபணுக்களைக் கண்டனர். (நோபல் பரிசு 1993-இல்தான் வந்தது!) விரைவில், உட்கரு உள்ள செல்களின் மரபணுக்களும் அவ்வாறே என்று தெரிந்தது.

1980-இல் கோழியின் கொல்லாஜென் மரபணு ஒன்றை ஆராய்ந்தபோது அதன் நீளம் சுமார் 38,000 எழுத்துகள். புரதம் செய்யப் பயன்படும் ஆர்.என்.ஏ. செய்தியோ சுமார் 5,000 எழுத்துகளே. இடையிடையே 50-க்கும் மேற்பட்ட இன்ட்ரான்கள்! செல் முதலில் முழுவதையும் படியெடுக்கிறது. பின்பு உட்கருவுக்குள்ளேயே இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எஞ்சிய எக்ஸான்களை ஒட்டுகிறது. வெட்டுமிடம் எப்படித் தெரியும்? டி.என்.ஏ.யில் ஏறக்குறைய எல்லா இன்ட்ரான்களும் ஜி-டி எனத் தொடங்கி ஏ-ஜி என முடிகின்றன.

அந்த எக்ஸான்களில் பல சரியாக 54 எழுத்து நீளமுடையவை. மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்றால் 18 அமிலங்கள். அவற்றில் 6 கிளைசின். இராமச்சந்திரனின் விதி மரபணுவின் துண்டுகளிலேயே பதிந்திருக்கிறது! 54 எழுத்துத் துண்டு ஒன்று பலமுறை பெருகியே இம்மரபணு உருவாயிற்று என்று அன்றே சிலர் கருதினர்.

இன்ட்ரானின் எல்லையில் ஓரெழுத்து மாறினாலும் போதும், அடுத்துள்ள எக்ஸான் விடுபட்டுப் போகலாம். கிளைசின் வரிசை கெடுவதில்லை. ஆனால் ஒரு புரி மட்டும் குட்டையாகிறது. மற்ற இரண்டுடன் அது பொருந்தி முறுகாது. எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் சில குழந்தைகளுக்கு இவ்வாறுதான் வருகிறது. புரதத்தில் ஓர் அமிலமாகக்கூட இடம்பெறாத எழுத்து அது.