அப்ரண்டிஸும் ட்ரெய்னியும்

1980இல் ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை திறந்தது. டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவரத் தொடங்கியதும் அதே வருடம்தான். அதற்கடுத்த சில ஆண்டுகளில், ஐடிஐ முடித்த கையோடு ஃபிட்டர் அப்ரண்டிஸாக நான் சிப்காட்டுக்குள் நுழைந்தேன். பதினெட்டு வயது நிரம்பாததால் ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளைவித்தவர். “இதுல என்னடா எழுதியிருக்கு?” என்றார். “வேலை கத்துக்குடுப்பாங்களாம்ப்பா. வேலை குடுக்கறேன்னு எழுதல” என்றேன்.

சட்டம் சொல்வதும் அதைத்தான். அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்ல என்கிறது 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. ஆனால் எத்தனை காலம், உதவித்தொகை குறைந்தது எவ்வளவு, கடைசியில் என்ன தேர்வு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். தேறினால் நாடெங்கும் செல்லும் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் வேலை பிடித்தவர்கள் என் செட்டிலேயே உண்டு.

ட்ரெய்னி கதை வேறு. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி ஆணைகளில் நிரந்தரம், ப்ரொபேஷனர், பதிலி, தற்காலிகம், கேஷுவல், அப்ரண்டிஸ் என ஆறு வகை இருந்தன. ட்ரெய்னி அதில் இல்லை. அது கம்பெனிகள் தாமே வைத்துக்கொண்ட பெயர். தொடக்கத்தில் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1980களின் நடுவில் இங்கே கடிகார ஆலை தொடங்கிய டைட்டன், பள்ளி முடித்த சுற்றுவட்டாரப் பிள்ளைகளை எடுத்துத் தொழில் கற்றுக்கொடுத்தது.

இதற்கிடையே 1981இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். சொந்தப் பிறந்தநாளை மறந்தவனும் சிப்காட்டில் இந்த 480ஐ மறக்க மாட்டான். தாளில் தொழிலாளி என்ற பெயர் இல்லாத ட்ரெய்னிகள் பெருகியதற்கு இந்த எண்ணும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நிரந்தரத் தொழிலாளி முடுக்கும் அதே போல்ட்டைத்தான் ட்ரெய்னியும் முடுக்குகிறான், நைட் ஷிப்டும் பார்க்கிறான். சம்பளத்துக்கு மட்டும் ஸ்டைபண்ட் என்று பெயர். வழக்கு என்று போனால், தாளில் உள்ள பெயரை மட்டுமல்ல, செய்த வேலையையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் வருடக்கணக்கில் வழக்கு நடத்த இருபது வயதுப் பையனிடம் காசு ஏது?

2013இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த நீம் என்ற பயிற்சித் திட்டம் ட்ரெய்னிக்கு அரசு முத்திரையும் குத்தியது. பிறகு அதையும் விலக்கிக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஓசூரிலிருந்து ஆர்டர் வந்தால், எவ்வளவு தருகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் அரசிடம் பதிவாகிறதா, முடிவில் தேசியச் சான்றிதழ் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், எத்தனை மாதம், அதற்குப் பின் என்ன என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.