திரவ விலங்கும் 17 சாவுகளும்

சிறை என்றாலே ஃபூக்கோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற ஆள் நான். உடலை வதைப்பதைவிட அதைப் பழக்குவதில்தான் நவீன அதிகாரம் குறியாயிருக்கிறது என்பது 1975இல் வந்த அவரது நூலிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பாடம். ஹெராயினுக்கு அடிமையான கைதிக்குத் தினமும் கண்காணிப்பில் ஒரு மடக்கு மெத்தடோன் புகட்டுவது இந்தப் பாடத்துக்கு வாகான காட்சி. தவிப்பை அடக்கும் அந்த மருந்தும் அபின் வகையைச் சேர்ந்ததுதான். 'திரவ விலங்கு' என்று அமெரிக்காவில் அதைக் குடிப்பவர்களே சொல்வதுண்டு. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஒரு எண் குறுக்கே வந்து நின்றது.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சிறைகளுக்குள் மெத்தடோன் நுழைந்தது 1986இல். எய்ட்ஸ் அச்சம் அதை விரிவாக்கியது. 1997-98இல் கேட் டோலன் குழுவினர் ஹெராயின் பழக்கமுள்ள 382 ஆண் கைதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே மருந்து. மறுபாதிக்கு நான்கு மாதக் காத்திருப்பு. முடிவில் மருந்து குடித்தவர்களிடம் ஹெராயினும் குறைந்திருந்தது, ஊசியைப் பகிர்வதும் குறைந்திருந்தது.

சரி, அப்புறம்?

அதே மனிதர்களை நான்காண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2005இல் வெளியானது. 17 பேர் செத்திருந்தார்கள். 17 பேருமே சிகிச்சையில் இல்லாத நாட்களில் செத்தவர்கள். சிகிச்சையில் இருக்கையில் செத்தவர் ஒருவர்கூட இல்லை. சிகிச்சை 8 மாதமோ அதற்கு மேலோ நீடித்தபோது மீண்டும் சிறைக்கு வரும் அபாயம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. 5 மாதத்துக்குள் அறுந்துபோன சிகிச்சையிலோ ஹெபடைடிஸ் சி தொற்றும் அபாயம் கூடியது.

காத்திருந்தவர்களுக்கும் பிறகு மருந்து கிடைத்ததால், இந்த நான்காண்டுக் கணக்கு குலுக்கலின் கணக்கல்ல. யார் எவ்வளவு காலம் சிகிச்சையில் நீடித்தார் என்பதன் கணக்கு. விட்டுப்போனவர்கள் முதலிலிருந்தே கூடுதல் ஆபத்தில் இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் மருந்தின் பேரில் எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் அந்த 17ஐத் தாண்டிப்போக எனக்கு வழியில்லை.

விலங்கு என்ற உருவகம் பொய்யல்ல. வரிசையில் நிற்பதும், வாயைத் திறந்து காட்டுவதும் அவமானம்தான். ஆனால் இந்தச் சாவுகள் அதிகாரம் பிடித்திருந்த இடத்தில் நிகழவில்லை. பிடி விட்ட இடத்தில் நிகழ்ந்தன. இடையில் பழக்கம் விட்டுப்போன உடலுக்குப் பழைய அளவு ஹெராயினே எமன். தண்டனைக்குக் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதியில் மருந்தும் நின்றுபோக வேண்டும் என்று யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் 'திரவ விலங்கு' என்று நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தால், அது கைதிக்கு உதவியிருக்காது. மருந்தை வெட்டச் சாக்குத் தேடும் அதிகாரியின் மேசைக்கல்லவா போய்ச் சேர்ந்திருக்கும்?