போட்டிக்குப் பயப்படாத மனுஷன் ஏன் கடையை மூடினார்?

இன்னைக்கு ராக்கெட் கதை. ஆனா ஜெயிச்சவர் கதை இல்ல, பாதியில விட்டுட்டுப் போனவர் கதை.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெக்ரெகர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கு. ஸ்பேஸ்எக்ஸ் தன் ராக்கெட் எஞ்சின்களை அங்கேதான் சோதிக்கிறது. 2008-ல் ஃபால்கன் 9 ராக்கெட்டின் ஒன்பது எஞ்சின்களையும் ஒரே நேரத்தில் எரித்துப் பார்த்த வீடியோ யூடியூபில் கிடைக்கும், பாருங்க. மூன்று ராட்சதக் கால்கள் மேல் நிற்கிற ஒரு ஸ்டாண்டு. அதன் உச்சியில் ராக்கெட். அந்த மூணு கால் ஸ்டாண்டை ஸ்பேஸ்எக்ஸ் கட்டவில்லை. அதுக்கு முன்னாடி அங்கே இருந்த இன்னொரு கம்பெனி கட்டிட்டு, அப்படியே விட்டுட்டுப் போனது. பேரு பீல் ஏரோஸ்பேஸ். முதலாளி ஆண்ட்ரூ பீல்.

யார் இந்த பீல்? டல்லாஸில் பேங்க் நடத்துகிறவர். சின்ன வயசில் பழைய டிவிகளை ரிப்பேர் பண்ணி விற்றவர். காலேஜ் படிப்பை முடிக்கவில்லை. ரியல் எஸ்டேட்டில் சம்பாதித்து, 1988-ல் பீல் பேங்க்கைத் தொடங்கினார். மத்தவங்க தொடப் பயப்படுற கடன்களை மலிவா வாங்கி லாபம் பார்ப்பது அவர் ஸ்டைல். ஓய்வு நேரத்தில் எண் கணிதம். 1993-ல் அவர் முன்வைத்த ஒரு கணக்குப் புதிருக்கு 'பீல் கணிப்பு' என்றே பெயர். அதைத் தீர்ப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவிச்சிருக்கார். இன்னும் யாரும் தீர்க்கல.

இந்த ஆள் 1997-ல் ராக்கெட் கம்பெனி ஆரம்பிச்சார். சொந்தப் பணம். அரசாங்கத்திடம் ஒரு பைசா மானியம் வாங்குவதில்லை என்பது கொள்கை.

அந்த வருஷத்தை கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. செல்போன் டவர் உலகம் முழுக்க வராத காலம். வானத்திலிருந்தே போன் சேவை தரலாம் என்று கம்பெனிகள் வரிசையில் நின்றன. இரிடியம் 66 செயற்கைக்கோள்களை வைத்து ஒரு வலைப்பின்னல் போட்டுக்கொண்டிருந்தது. பில் கேட்ஸ் பணம் போட்ட டெலிடெசிக், நூற்றுக்கணக்கில் அனுப்பப்போவதாகச் சொன்னது. இத்தனையையும் மேலே கொண்டுபோக ராக்கெட் வேணுமே? ஐரோப்பாவின் ஏரியன்ஸ்பேஸ், அமெரிக்காவின் போயிங், லாக்ஹீட் மார்ட்டின், ரஷ்யாவின் புரோட்டான். எல்லாமே பெரிய கைகள். பீலின் கணக்கு ரொம்ப சிம்பிள்: இவங்க எல்லாரையும் விட மலிவா கொடுத்தா கஸ்டமர் நம்மகிட்ட வருவான்.

மலிவு எப்படி? இங்கேதான் எஞ்சினியரிங். பெரிய ராக்கெட் எஞ்சினில் விலை உயர்ந்த, சிக்கலான பாகம் டர்போபம்ப். எரிபொருளை அசுர வேகத்தில் எஞ்சினுக்குள் தள்ளும் பம்ப். பீல் அதையே தூக்கிவிட்டார். டேங்க்கை ஹீலியம் வாயுவால் அழுத்தி, அந்த அழுத்தத்திலேயே எரிபொருளைத் தள்ளலாம் என்றார். திரவ ஆக்சிஜனுக்குப் பதிலா ஹைட்ரஜன் பெராக்ஸைடு. அதை மைனஸ் 180 டிகிரியில் குளிர வைத்துப் பாதுகாக்க வேண்டாம், சாதாரண வெப்பநிலையிலேயே இருக்கும். வினையூக்கி வழியா போகும்போது சூடான நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். அந்தச் சூட்டில் மண்ணெண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். இதுல ஒரு குறையும் இருக்கு. இந்தக் கலவைக்கு உந்துதிறன் கொஞ்சம் கம்மி, அதனால் ராக்கெட்டை ரொம்பப் பெரிசாக் கட்டணும். பெரிசா இருந்தா இருக்கட்டும், சிக்கல் இல்லாம இருந்தா போதும் என்பதுதான் அவர் வாதம். நம்ம ஃபீல்டு பாஷையில் சொன்னா, கோட் நீளமா இருக்கலாம், ஆனா டிபென்டென்சி குறைவா இருக்கணும்.

பலர் சிரித்தார்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மெக்ரெகரில் இரண்டாம் அடுக்குக்கான எஞ்சினை எரித்துக் காட்டினார். 8 லட்சம் பவுண்டுக்கு மேல் உந்துவிசைக்காக வடிவமைத்த எஞ்சின். அப்பல்லோ காலத்துக்குப் பிறகு அமெரிக்காவில் கட்டப்பட்ட மிகப் பெரிய திரவ எரிபொருள் எஞ்சின் அது. ஒரு பேங்க்காரர் சொந்தக் காசில் செய்தது!

ஏவுதளத்துக்கு இடம் தேடியும் அலைந்தார். கரீபியன் கடலில் ஆங்குவிலாவுக்குச் சொந்தமான சோம்ப்ரேரோ என்ற குட்டித் தீவைக் கேட்டார். கடற்பறவைகள் கூடு கட்டும் இடம் என்று சூழல் அமைப்புகள் எதிர்த்தன. பிறகு தென் அமெரிக்காவின் கயானா அரசோடு ஒப்பந்தம் போட்டார். ஆள் விடுற மாதிரி இல்ல.

அப்புறம் ஏழே மாசம். 2000 அக்டோபர் 23, கம்பெனியை மூடுவதாக அறிவித்தார்.

ஏன்? எஞ்சின் வெடிக்கல. பணமும் தீரல. நாசா 'ஸ்பேஸ் லாஞ்ச் இனிஷியேட்டிவ்' என்ற திட்டத்தை முன்வைத்திருந்தது. அடுத்த தலைமுறை ராக்கெட்டை உருவாக்க ஐந்து ஆண்டுகளில் சுமார் 450 கோடி டாலர். பீலின் வாதம் இது: போயிங்கோடும் லாக்ஹீடோடும் மோத நான் ரெடி. ஆனா அரசாங்கமே ஒரு ராக்கெட்டைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கொட்டி, எனக்கு எதிரா நிறுத்தினா, அதில் நான் எப்படி ஜெயிக்கிறது? பர்சனல் கம்ப்யூட்டர் பிறந்த காலத்தில் அரசாங்கம் ஒன்றிரண்டு கம்பெனிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மானியம் கொடுத்திருந்தால், இன்னைக்கு அந்தத் துறை எங்கே இருந்திருக்கும் என்றும் தன் அறிக்கையில் கேட்டார்.

கேள்வி நியாயமானது. நீங்க ஒரு ஆப் பண்றீங்க, நல்லா போகுது. திடீர்னு போன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை வைத்திருக்கும் கம்பெனியே அதே வசதியை இலவசமா உள்ளே வைத்துவிடுகிறது. உங்க கோட் எவ்வளவு நல்லா இருந்து என்ன?

அடுத்த சில வருஷங்களில் பீல் என்ன பண்ணினார் தெரியுமா? லாஸ் வேகாஸ் பெல்லாஜியோ போய், உலகத்தின் சிறந்த போக்கர் ஆட்டக்காரர்களோடு ஒருத்தருக்கு ஒருத்தர் உட்கார்ந்து ஆடினார். அவர் வைத்த பந்தயம் தனி ஆளுக்குத் தாங்காது என்பதால், அவர்கள் பணத்தைச் சேர்த்துக் குழுவாக வந்தார்கள். ஒரே நாளில் ஒரு கோடி டாலருக்கு மேல் ஜெயிச்சதும் உண்டு, பெரிசா தோத்ததும் உண்டு. இப்படிப்பட்டவரையா போட்டிக்குப் பயந்தவர்னு சொல்றது? அந்த மேஜையில் சீட்டுக்கட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். ராக்கெட் மேஜையில் அப்படி இல்லை என்பதுதான் அவர் குறை.

சரி, ஆனா கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கு.

முதலாவது, சந்தையே காலி ஆகிக்கொண்டிருந்தது. இரிடியம் 1998 நவம்பரில் சேவை தொடங்கி, 1999 ஆகஸ்டில் திவால். தரையில் செல்போன் டவர்கள் முந்திக்கொண்டன. வாங்க வருவார்கள் என்று நம்பிய கஸ்டமர்கள் மறைந்துகொண்டிருந்தார்கள். முதல் அடுக்குக்குத் தேவையான, இன்னும் பல மடங்கு பெரிய எஞ்சினையும் பீல் கட்டி முடிக்கவில்லை.

இரண்டாவதுதான் மனசைக் குத்துற விஷயம். எந்த நாசா திட்டத்தைப் பார்த்து அவர் வெளியேறினாரோ, அதிலிருந்து ஒரு ராக்கெட்டும் பறக்கவில்லை. 2002 கடைசியில் திட்டத்தையே வேறு திசையில் திருப்பிவிட்டார்கள். வராத போட்டியாளருக்காகக் கடையை மூடியிருந்தார் பீல்.

இப்போ ஸ்பேஸ்எக்ஸுக்கு வருவோம். எலான் மஸ்க் கம்பெனி ஆரம்பித்தது 2002-ல். கொஞ்ச நாளில் பீல் விட்டுப்போன அதே மெக்ரெகர் இடத்துக்குள் நுழைந்தார். அவருக்கும் அதே பிரச்சினை வந்தது. 2004-ல் நாசா, போட்டி டெண்டரே இல்லாமல் கிஸ்ட்லர் என்ற கம்பெனிக்கு 22.7 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஸ்பேஸ்எக்ஸ் அதுவரை ஒரு ராக்கெட் கூட ஏவவில்லை. ஆனாலும் அரசின் தணிக்கை அமைப்பிடம் முறையிட்டது. வருங்கால கஸ்டமர் மேலேயே புகார்! நாசா பின்வாங்கியது. பிறகு எல்லோருக்கும் பொதுவான போட்டி வந்தது. 2006-ல் ஸ்பேஸ்எக்ஸ் அதில் 27.8 கோடி டாலர் வென்றது. 2014-ல் விமானப்படை மேலும் இதே மாதிரி வழக்கு போட்டது, அடுத்த வருஷம் சமரசமானது.

"அப்போ மஸ்க் ஹீரோ, பீல் கோழை" என்று முடித்தால் அது தப்பு. ஃபால்கன் 1 வரிசையாக மூன்று முறை தோற்று, 2008 செப்டம்பரில்தான் சுற்றுப்பாதையை எட்டியது. கையில் காசு கிட்டத்தட்ட இல்லை. அந்த டிசம்பரில் நாசா கொடுத்த 160 கோடி டாலர் சரக்கு ஒப்பந்தம்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. பீல் கை நீட்ட மறுத்த அதே கஜானா. மஸ்க் அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசாங்கம் வாங்கட்டும், ஆனா எல்லோரையும் கூப்பிட்டு வாங்கட்டும் என்றார்.

எனக்கு இந்த வரலாற்றில் கிடைத்தது இதுதான். "போட்டியைப் பார்த்து எனக்குப் பயமில்லை" என்று எந்த முதலாளி சொன்னாலும், அதுக்குள்ள ரெண்டு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, என் பொருள் நல்ல பொருள். இன்னொண்ணு, ஆட்டத்தின் விதி நியாயமா இருக்கும். பீலுக்கு முதல் நம்பிக்கை மலை மாதிரி இருந்தது. இரண்டாவது உடைந்ததும் எழுந்து போய்விட்டார். மஸ்க் விதியும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டு, அதற்காகவே சண்டை போட்டார்.

இன்னைக்கு நிலைமை தலைகீழ். 2024-ல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 முறைக்கு மேல் பறந்தன. அதில் பாதிக்கு மேல் ஸ்பேஸ்எக்ஸின் சொந்த ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்காக. தானே கடை, தானே பெரிய கஸ்டமர். இப்போ புதுசா ராக்கெட் கட்ட வர்ற ஒரு சின்ன கம்பெனி அந்த மேஜையைப் பார்த்து, சீட்டுக்கட்டு எல்லாருக்கும் ஒண்ணுதானா என்று கேட்டால், அது பீல் 2000-ல் கேட்ட அதே கேள்விதான். கேட்கிற ஆள் மட்டும்தான் மாறியிருக்கார்.

அடுத்த தடவை அந்த வீடியோவைப் பார்க்கும்போது, எஞ்சின் நெருப்பை விட்டுட்டு, கீழே இருக்கிற மூணு காலையும் ஒரு நிமிஷம் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.