மூளைத் தமனி ஸ்டென்ட்

கொழுப்புப் படிந்து சுருங்கிய மூளை ரத்தக்குழாயை, தொடை அல்லது மணிக்கட்டு வழியே நுண்குழாய் செலுத்தி, உலோக வலைக்குழலால் விரித்து நிறுத்தும் சிகிச்சை. இவ்வகைச் சுருக்கம் ஐரோப்பியரைவிட இந்தியர் உள்ளிட்ட ஆசியரிடம் அதிகம். எனவே கோவைக்கும் கொங்கு வட்டாரத்துக்கும் இது தூரத்துச் செய்தியல்ல. இதயத்துக்கு உதவிய ஸ்டென்ட் மூளைக்கும் உதவும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே, ஆனால் சான்று அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 451 பேரிடம் நடந்த சாம்பிரிஸ் ஆய்வில் (2011), 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தோர் ஸ்டென்ட் பிரிவில் 14.7 சதவீதம், தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 5.8 சதவீதம். ஒரு காரணம், மூளைத் தமனிச் சுவர் மெல்லியது. விரிக்கும்போது நகரும் கொழுப்பு மயிரிழைக் கிளைகளின் வாயை அடைத்துவிடவும் கூடும்.

இந்த முடிவுக்கு மருத்துவர்களின் அனுபவக் குறைவும் நோயாளித் தேர்வுமே காரணம் என்று மறுத்தோர் உண்டு. மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டையும் கவனித்து நடந்த சீன ஆய்விலும் (2022) ஸ்டென்ட் கூடுதல் பலன் தரவில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்தும் பக்கவாதம் திரும்பத் தாக்குவோருக்கு மட்டும் இதைப் பரிசீலிப்பது தகும். திடீர்ப் பக்கவாதத்தில் ரத்தக்கட்டியை இழுத்தெடுப்பது முற்றிலும் வேறு சிகிச்சை. அதற்கு நேரமே உயிர். மூளைத் தமனி சுருங்கிய மற்றவர்களுக்கு ஆஸ்பிரின், ஸ்டேட்டின், ரத்த அழுத்த, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகை விலக்கு ஆகியவையே முதல் சிகிச்சை. ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது.