பங்கீட்டு வலு

அணுக்கள் இலத்திரன்களைப் பங்கிட்டுப் பிணைவது, இலங்கையின் லிங்கநகரில் சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு 'பங்கீட்டு வலுப் பிணைப்பு'. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுவே 'சகப்பிணைப்பு'. பொருள் ஒன்றுதான்; ஆனால் எனக்கு இலங்கைச் சொல்லே நிறைவு தருகிறது.

இதன் ஆங்கிலப் பெயர் 'கோவேலன்ஸ்'; அதன் வேரான லத்தீன் 'வலென்சியா' என்றால் வலிமை. அந்த வலிமையைத்தான் நம் 'வலு' ஏந்தி நிற்கிறது. அணுக்கள் இலத்திரன் சோடியைப் பங்கிட்டுப் பிணைகின்றன என்று 1916இல் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். 1919இல் இர்விங் லாங்மியூர் சூட்டிய அந்த ஆங்கிலப் பெயரின் முன்னொட்டில் 'கூட' என்ற பொருள்தான் உண்டு. 'சக' அதை அப்படியே பெயர்த்தது. 'பங்கீடு' என்ற சொல்லோ நடப்பதையே சொல்லிவிடுகிறது.

மற்ற வகையான 'அயன் பிணைப்பு' என்பதில் உள்ள 'அயன்' வேறு வழியில் வந்தது. 1834இல் மைக்கேல் பரடே கையாண்ட கிரேக்கச் சொல். 'செல்வது' என்று பொருள். நிலாவெளி உப்பளத்து உப்பை எடுங்கள். சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. நேர், மறை அயன்கள் சாலகமாக இறுகிவிடுகின்றன. 801 பாகை செல்சியசில்தான் உருகும். திண்ம உப்பில் மின் பாயாது, அயன்கள் நகர முடியாததால். நீரில் கரைந்ததும் அவை செல்லத் தொடங்குகின்றன, மின்னும் பாய்கிறது. பெயரின் பொருள் அங்கேதான் விளங்குகிறது. பங்கீட்டு வலுப் பிணைப்புள்ள சீனியோ முழு மூலக்கூறாகவே கரையும், மின்னைக் கடத்தாது.

ஆசிரியர்களே, வரைவிலக்கணத்தை மனனம் செய்யச் சொல்லுமுன் இந்த இரண்டு சொற்களையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள்.