நியூசிலாந்தில் ஒரு கல்மேடு

நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரைப் பக்கம் ஃபிரான்ஸ் ஜோசப் என்று ஒரு பனியாறு இருக்கிறது. 1865-ல் ஹாஸ்ட் என்ற நிலவியலாளர் ஆஸ்திரியப் பேரரசரின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். மாவோரிகள் சொல்லும் பெயர் 'ஹினே ஹுகடேரேயின் கண்ணீர்'. எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்!

அதற்குக் கீழே சமவெளியில் வில்போல வளைந்து கிடக்கிறது ஒரு கல்மேடு. பெயர் வைஹோ லூப். இந்த மேட்டை வைத்துத்தான் விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை.

பனியாறு வளரும்போது பாறைகளை இழுத்து வந்து நுனியில் கொட்டும். பின்வாங்கினாலும் குவியல் அங்கேயே நிற்கும். மேட்டின் வயது தெரிந்தால் குளிர் அடித்த காலமும் தெரியும் என்பது கணக்கு.

கடைசிப் பனியுகம் ஒரே சீராக முடியவில்லை. பூமி சூடாகிக்கொண்டு வந்தபோது, சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவும் வட அட்லாண்டிக்கும் திடீரென்று மறுபடி உறைந்தன. 11,700 வரை அந்தக் குளிர் நீடித்தது. இதற்கு யங்கர் டிரையஸ் என்று பெயர். டிரையஸ் என்பது குளிர்ப்பிரதேசப் பூச்செடி. அதன் இலைகள் ஸ்காண்டிநேவிய ஏரிச் சேற்றில் கிடைத்ததால் வந்த பெயர்.

அந்தக் குளிர் உலகம் முழுவதும் அடித்ததா? 1994-ல் டென்டன், ஹெண்டி இருவரும் பனியாற்றுப் படிவில் புதைந்த மரத்துண்டுகளின் வயதைக் கணித்து, வைஹோ லூப் அதே காலத்தது என்றார்கள். அப்படியானால் தெற்கும் உறைந்திருக்கிறது!

2008-ல் வேறொரு குழு கற்களையே உற்றுப் பார்த்தது. சுற்றியுள்ள மற்ற மேடுகளில் பெரும்பாலும் ஷிஸ்ட் பாறை. இதில் மட்டும் மணற்கல் அதிகம், அதுவும் கூர்முனை மழுங்காமல். மலைச்சரிவு ஒன்று பனியாற்றின் மேல் விழுந்திருக்க வேண்டும் என்றார்கள். கல் போர்வை மூடினால் பனி மெதுவாக உருகும். குளிர் கூடாமலேயே பனியாறு முன்னேறிவிடும். (எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கல்லின் வயதை எல்லோரும் கேட்டார்கள், ஊரைக் கேட்கவில்லை.) இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் தொடர்ந்தது.

ஆனால் பதில் வேறு பள்ளத்தாக்குகளில் கிடைத்தது. வெட்டவெளியில் கிடக்கும் பாறையில் விண்வெளிக் கதிர்கள் பட்டு பெரிலியம்-10 சேரும். அதை அளந்தால் பாறை எப்போது பனியிலிருந்து வெளிப்பட்டது என்று தெரியும். 2010-ல் வந்த இரண்டு ஆய்வுகளின்படி, தென் ஆல்ப்ஸ் பனியாறுகள் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன், அண்டார்டிகா குளிர்ந்த சமயத்தில் முன்னேறின. ஐரோப்பா நடுங்கிய யங்கர் டிரையஸ் காலத்திலோ பின்வாங்கிக்கொண்டிருந்தன. அட்லாண்டிக் நீரோட்டம் தளர்ந்ததும் வடக்கே போக வேண்டிய வெப்பம் தெற்கிலேயே தங்கிவிட்டது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.