மூன்றாம் படியும் நான்காம் படியும்: நன்னூலின் பயிலும் முறையும் கம்பம் பள்ளத்தாக்கின் திருப்புதல் தேர்வுகளும்

பத்தாம் வகுப்பு மாணவரின் சோர்வுக்குத் தேர்வுகளின் எண்ணிக்கைதான் காரணம் என்பது கல்வியியல் எழுத்துகளில் ஏறக்குறைய முடிந்த முடிபாகிவிட்டது. காலாண்டு, அரையாண்டு, பொங்கலுக்குப் பின் வரிசையாகத் திருப்புதல் தேர்வுகள், இடையில் நாள்தோறும் சிலிப் டெஸ்ட். இவற்றைக் குறைத்தால் பிள்ளைகள் மூச்சுவிடுவார்கள் என்று வாதிடுகிறார்கள். இந்த வாதத்துக்கு ஒரு வரலாற்று முட்டும் கொடுக்கப்படுகிறது. தமிழ்க் கல்வி மரபே திரும்பத் திரும்பக் கேட்டு ஒப்பிக்கும் மரபு. நன்னூலின் பொதுப்பாயிரம் இருமுறை, மும்முறை கேட்கச் சொல்கிறது. இன்றைய உருப்போடும் வகுப்பறை அதன் வாரிசு என்கிறார்கள். இவ்விரு கூற்றும் ஒரே பிழையான வாசிப்பிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. பாயிரத்தைச் சரியாக வாசித்தால், சோர்வுக்குக் காரணம் தேர்வு அல்ல, தேர்வுக்குப் பின் நடக்க வேண்டியது நடக்காமல் போவதே என்பது புலப்படும். கம்பம் பள்ளத்தாக்கின் அரசுப் பள்ளிகளில் நிலவும் நடைமுறையை வைத்து இதைச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் நூல். பாடம் கேட்கும் முறையைக் கூறும் சூத்திரங்களில் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது, ஓவியப் பாவைபோல் அசையாதிருந்து கேட்கும் மாணாக்கனைப் பற்றியது. அதையடுத்து நேராக, இருமுறை கேட்டால் பிழை நீங்கும், மும்முறை கேட்டால் முறை அறிந்து உரைப்பான் என்ற சூத்திரங்களுக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிற்பதைத் தாண்டிப் போவதில்தான் கோளாறு. அங்கே நூல் பயில்வோனுக்கு ஏழு கடமைகள் வகுக்கப்பட்டுள்ளன. வழக்கை அறிவது, பாடத்தைப் பேணுவது, கேட்டதை நினைப்பது, ஆசிரியரை அடுத்து அவற்றை மனத்தில் பொருந்தும்படி கேட்பது, தகுதியுள்ள உடன்பயில்வோரோடு பழகுவது, வினவுவது, வினவப்பட்டதற்கு விடை சொல்வது.

நான்காம் கடமையைக் கவனிக்க வேண்டும். அதில் கேட்கப்படுபவை புதியன அல்ல; மூன்றாவதில் நினைக்கப்பட்டவையே. ‘அவற்றை’ என்ற சுட்டு பின்னோக்கித்தான் நிற்கிறது. ஆக, மாணவன் முதலில் ஆசிரியரும் ஏடும் இல்லாத இடத்தில் கேட்டதை நினைவுக்குக் கொண்டுவருகிறான். எது வந்தது, எது நழுவியது என்று தெரிந்துகொண்டபின் ஆசிரியரிடம் திரும்பிப் போய்க் கேட்கிறான். இரண்டாம் கேட்பு என்பது இதுதான். அடுத்து வரும் ‘இருமுறை’, ‘மும்முறை’ என்ற கணக்கை இந்த வரிசையோடு சேர்த்து வாசித்தால், ஒரே பாடத்தை மூன்றுமுறை காதில் ஊற்றிக்கொள்வது என்ற பொருள் நிற்காது. கேட்பு, நினைவு, கேட்பு என்ற சுழற்சி மூன்றுமுறை நடப்பதாகவே கொள்ள வேண்டும். மும்முறைக் கேட்புக்கு நூல் சொல்லும் பயனும் இதற்கு ஒத்தே இருக்கிறது: ஒப்பிப்பான் என்று சொல்லவில்லை, முறையறிந்து உரைப்பான் என்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சூத்திரத்தில் அடுக்கப்பட்டவை கால வரிசையில் அமைந்தவை என்று எப்படிச் சொல்வது? யாப்புக்கு இசைய நிறுத்தப்பட்ட பட்டியலாகவும் இருக்கலாம். நியாயமான ஐயம். ஏழுமே படிகள் என்று நான் வாதிடவில்லை. முதலாவதும் இரண்டாவதும் எப்போதும் உடனிருக்கும் பண்புகள் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் மூன்றும் நான்கும் சுட்டால் பிணைக்கப்பட்டவை. ஆறும் ஏழும் வினா, விடை என்று இயல்பாகவே தொடர்பவை. வரிசை தற்செயல் என்றால் இந்த இணைப்புகளும் தற்செயலாக வேண்டும். மூன்றாவதை ‘நினைவுகூர்தல்’ என்று கொள்ளாமல் ‘சிந்தித்தல்’ என்று கொண்டாலும் என் வாதம் குலையாது. வாய்மொழியாகப் பாடம் நடந்த சூழலில், ஆசிரியர் குரல் நின்றபின் ஒன்றைச் சிந்திக்க வேண்டுமானால் அதை நினைவிலிருந்து எடுத்தால்தான் முடியும்.

பின்வரும் இரு சூத்திரங்கள் இன்னும் வெளிப்படையானவை. ஆசிரியர் சொன்னதைப் பழுதறப் பெற்றாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதில். கேட்டு ஒப்பிப்பதே கல்வி என்று நம்பிய மரபு, பழுதில்லாத கேட்புக்குக் கால் பங்கு மட்டும் கொடுத்திருக்குமா? அரைப் பங்குக்குரிய ‘எடுத்துரைத்தல்’ மாணவப் பருவம் முடிந்து ஆசிரியனானபின் நிகழ்வது, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது என்பார் உண்டு. திண்ணைப் பள்ளியில் இளையோருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை அவர்கள் மறந்துவிட்டார்கள். பாதிரியார் ஆண்ட்ரூ பெல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தில் மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அதை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது பெயர் பெற்றது. மணலில் எழுதிக் கற்ற நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்த பின்னரே அவருக்கு அந்த வழி பிறந்தது. சொல்லிக்கொடுத்தபடியே கற்பது இங்கே மாணவப் பருவத்துக்குள்ளேயே இருந்தது. பாயிரச் சூத்திரங்கள் எல்லாம் நன்னூல் ஆசிரியர் பவணந்தியின் சொந்தமா, முன்னோர் கூற்றின் தொகுப்பா என்ற வழக்கு இங்கே குறுக்கிட வேண்டியதில்லை. தொகுப்பென்றால் மரபு இன்னும் பழையது, அவ்வளவே.

இனி வகுப்பறை. சிலிப் டெஸ்ட் எப்படி நடக்கிறது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே என்றாலும் ஒன்றை அருகில் நின்று பார்ப்போம். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடம் இயக்க விதிகள். நோட்டிலிருந்து கிழித்த அரைத்தாள், ஐந்து ஒரு மதிப்பெண் வினா, நிறையையும் எடையையும் வேறுபடுத்தச் சொல்லி ஒரு குறுவினா. எழுதி முடித்ததும் தாள்கள் பக்கத்து பெஞ்சுக்குக் கைமாறுகின்றன. கரும்பலகையில் விடை எழுதப்பட, பிள்ளைகளே திருத்துகிறார்கள். இதுவரை நன்னூலின் மூன்றாம் படி பிசகில்லை. ஐந்தாம் படியின் சாயல்கூட இருக்கிறது. ஒரு மாணவி நிறைக்கு அலகு கிலோகிராம், எடைக்கு நியூட்டன் என்று சரியாக எழுதிவிட்டு, இடத்துக்கு இடம் மாறுவது எது என்பதில் இரண்டையும் மாற்றிவிடுகிறாள். அவளுக்குக் கிடைப்பது விளக்கமல்ல, இம்போசிஷன்: சரியான விடையைப் பத்துமுறை எழுதி வர வேண்டும். அன்றிரவு அந்தப் பத்துமுறை எப்படி எழுதப்படுகிறது? முதலில் ‘நிறை’ என்ற சொல் மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் இறங்குகிறது. அடுத்து ‘என்பது’ பத்துமுறை. கை வேலை செய்கிறது. விடை ஒருமுறைகூட முழுதாக மனத்தில் உருவாவதில்லை. நான்காம் படி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தண்டனை உட்கார்ந்திருக்கிறது.

திருப்புதல் தேர்வுகளில் இது பேருருக் கொள்கிறது. அரையாண்டுக்கும் மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வுக்கும் நடுவில் சில வார இடைவெளிகளில் முழுப் பாடமும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. இடைவெளி விட்டு நினைவைச் சோதிப்பது என்ற அளவில் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் காண்பது அரிது. ஆனால் திருத்திய தாள் கைக்கு வரும்போது அடுத்த திருப்புதலுக்கான அட்டவணை அறிவிப்புப் பலகையில் ஏறியிருக்கும். மதிப்பெண் பதிவேட்டில் ஏறுகிறது; 35க்குக் கீழே போனவர்கள் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்ந்து, குறைந்தபட்சப் பாடத் தொகுப்போடு தனியே உட்கார வைக்கப்படுகிறார்கள். தவறிய வினாவோடு ஆசிரியரிடம் திரும்பிச் செல்ல ஒரு பாடவேளையும் இல்லை.

உளவியலில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ரோடிகர், கார்ப்பிக்கி ஆகியோரின் 2006ஆம் ஆண்டுச் சோதனை இங்கே உதவும். ஒரு பத்தியை நான்கு வேளையும் வாசித்த குழு, ஐந்து நிமிடத்தில் 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தது. ஒரு வாரத்துக்குப் பின் 40. ஒரு வேளை மட்டும் வாசித்து மூன்று வேளை பார்க்காமல் எழுதிப் பார்த்த குழு, உடனடியாக 71. ஒரு வாரத்துக்குப் பின் 61. எழுதிப் பார்த்தவர்களைவிட, திரும்ப வாசித்தவர்களுக்கே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை கூடுதலாக இருந்தது.

சோர்வின் வேர் இந்தக் கடைசிச் செய்தியில் இருப்பதாக நான் கருதுகிறேன். இரவில் நான்காம் முறை வாசிக்கும் பிள்ளைக்குப் பாடம் கைவசப்பட்டதுபோல் தோன்றுகிறது. தேர்வில் அது நழுவுகிறது. முறை பிழை என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. உழைப்பு போதவில்லை என்றே எல்லோரும் சொல்கிறார்கள். எனவே ஒரு மணி நேரத்தைக் கூட்டுகிறாள். ஃபின்லாந்தின் சல்மேலா-ஆரோ குழுவினர் 2009இல் வெளியிட்ட பள்ளிச் சோர்வு அளவுகோல் மூன்று கூறுகளை அளக்கிறது: களைப்பு, படிப்பின்மேல் வெறுப்பு, தன்னால் இயலாது என்ற உணர்வு. தேர்வைக் குறைப்பது முதலாவதை ஒருவேளை தணிக்கலாம். மூன்றாவதைத் தொடாது. ரோடிகர், கார்ப்பிக்கி சோதனையோ அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் சிறு பத்திகளை வாசித்தது, அதில் சோர்வு அளக்கப்படவில்லை. இரண்டையும் இணைப்பது என் ஊகமே.

அந்தச் சோதனையே எனக்கு எதிராகவும் நிற்கிறது. எழுதிப் பார்த்தவர்களுக்கு விடை திருத்தித் தரப்படவில்லை; அப்படியும் பயன் கிடைத்தது. நான்காம் படி இல்லாமலே மூன்றாம் படி பலன் தருமென்றால் என் வாதம் எங்கே? எளிய பத்தியில் பெரும்பகுதி முதல் முயற்சியிலேயே நினைவுக்கு வந்துவிடுகிறது என்பதே விடை. ரோடிகரும் பங்கேற்ற 2007ஆம் ஆண்டு ஆய்வில், சரியான விடை தெரிவிக்கப்பட்டபோதுதான் குறுவிடைத் தேர்வு பலவுள் தெரிவுத் தேர்வை விஞ்சியது. நிறையையும் எடையையும் மாற்றி எழுதும் பிள்ளைக்கு, திருத்தாத நினைவு அந்தப் பிழையையே இறுக்கிக் கட்டும்.

பள்ளத்தாக்கின் வாழ்க்கை இந்தச் சிக்கலுக்குத் தனி வடிவம் கொடுக்கிறது. கம்பம், கோம்பை, தேவாரம், போடி வட்டாரங்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியலிலேயே ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டுப் பாதைகளில் மலையேறுகின்றன. அம்மா கிளம்பும்போது மகள் எழுந்தாக வேண்டும். தண்ணீர் பிடிப்பதும் தம்பியைக் கிளப்புவதும் அவள் பொறுப்பு. காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பினால், படிக்க எஞ்சுவது தூக்கத்திலிருந்து வெட்டி எடுக்கும் நேரம் மட்டுமே. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் தந்த பரிந்துரை. ‘நாலு மணிக்கு எழுந்து படி’ என்பது இங்கே எல்லா வீட்டிலும் ஒலிக்கும் அறிவுரை. பாடம் சொல்லத் தகாதவர் வரிசையில் தூங்குபவனையும் நன்னூல் சேர்த்திருப்பதை இதற்குச் சான்றாக நீட்டுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: நாலு மணிக்கு எழுப்பப்பட்ட பிள்ளைதான் இரண்டாம் பாடவேளையில் அந்தத் தூங்குபவனாகிறது. அதே பாயிரம் ஆசிரியருக்கு இட்ட முதல் நிபந்தனை, காலத்தையும் இடத்தையும் நோக்கி, கொள்பவனின் கொள்ளும் வகை அறிந்து கொடுக்க வேண்டும் என்பது. இந்த நிபந்தனையை மேற்கோள் காட்டுவோரை நான் அதிகம் கண்டதில்லை.

முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளை வீட்டில் யாரிடம் எடுத்துரைப்பது, திருத்துவது யார் என்ற கேள்வி எழலாம். வீட்டில் வேண்டாம் என்பதே என் பதில். மாலைச் சிறப்பு வகுப்பில் மீண்டும் ஒரு தேர்வு எழுத வைப்பதற்குப் பதிலாக, காலையில் எழுதிய தாளோடு பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, தவறியதை ஒருவருக்கொருவர் சொல்ல வைக்கலாம். இருவருக்கும் பிடிபடாததை மட்டும் ஆசிரியரிடம் கொண்டுபோகலாம். தமிழ்த் தாளின் மனப்பாடப் பகுதிக்கு இது உதவாது என்பது மறுப்பே அல்ல. நூலை மூடிவைத்துச் செய்யுளைச் சொல்லிப் பார்ப்பதும் மூன்றாம் படியே, அடி தவறினால் பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுப்பது ஐந்தாம் படியே.

ஆசிரியரின் நேரம் இடிக்கிறது என்ற மறுப்பு கனமானது. மாநிலத் தரவரிசை அறிவிப்பு 2017இல் நிறுத்தப்பட்டாலும், மாவட்ட வாரித் தேர்ச்சி விழுக்காடு ஆண்டுதோறும் வெளியாகிறது. பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையத்தில் மதிப்பெண் பதிவேற்றுவதற்குக் கெடு உண்டு. தாளைத் திருப்பித் தந்து பேசுவதற்குக் கெடு எதுவும் இல்லை. அடுத்தடுத்து வரும் திருப்புதல்களில் ஒன்றைக் கைவிட்டால் அந்த நாட்கள் மிஞ்சும். இது, தேர்வைக் குறைக்கச் சொல்லும் பழைய தரப்புக்கு நான் பணிந்ததுபோல் தோன்றலாம். வேறுபாடு சிறிதல்ல. மிச்சமாகும் நாட்களை ஓய்வுக்கோ புதிய வாசிப்புக்கோ கொடுத்தால் பலனில்லை என்பதே என் நிலை. முந்தைய திருப்புதலின் தாள்களோடு ஆசிரியரிடம் திரும்பிச் செல்ல அவை வேண்டும்.

இதைச் சோதிக்கவும் முடியும். உத்தமபாளையம் வட்டத்தில் ஒரே மாதிரியான இரு பள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றில் திருப்புதல்களைக் குறைத்து அந்த நாட்களில் தாமே படிக்க விடலாம். மற்றொன்றில் அதே அளவு குறைத்துத் தாளோடு திரும்பிக் கேட்கும் வகுப்பு நடத்தலாம். பிப்ரவரி இறுதியில் இருபுறமும் ‘என்னால் முடியாது’ என்ற உணர்வு ஒரே அளவில் இருக்குமானால் நான் சொன்னது தவறு. பாயிரத்தின் நான்காம் கடமையை நான் வாசித்த விதத்துக்கும் வகுப்பறையில் சான்று இல்லாமல் போகும்.